ஆங்கிலத்தில் 'டு'வுக்குப் பிறகு 'மீட்'டா, 'மீட்டிங்'கா?

'டு'வுக்குப் பின்வரும் வினைச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' சரியாக நிற்கிறது. ஆகவே 'டு மீட்டிங் யூ'. 'ஐ வான்ட் டு இட்' நிற்காது. ஆகவே 'டு மீட் யூ'. வேலை விண்ணப்பங்களில் பலர் சறுக்கும் இடம் இது.

முதல் 'டு' ப்ரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் இடைச்சொல். அதன்பின் பெயர்ச்சொல்தான் வரும், வினை வந்தால் 'இங்' சேர்ந்து பெயராகிவிடும். தமிழிலும் 'சந்தி'யோடு நேரே 'ஐ' சேர்க்க மாட்டோம், 'சந்திப்பதை' என்போம். இரண்டாவது 'டு' வினையின் ஒட்டு மட்டுமே.

'யூஸ்ட் டு'வுக்கும் இதே சோதனை: 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அர்லி' பழகிப்போனது, 'ஐ யூஸ்ட் டு வேக் அர்லி' முன்பிருந்த வழக்கம்.

'அக்ரீ' போன்ற சில சொற்களிடம் இது பலிக்காது. 'அக்ரீ டு இட்' சரிதான், ஆனாலும் 'அக்ரீ டு பே' என்றே எழுத வேண்டும். 'டூ நத்திங் பட் வெயிட்' என்பதில் 'தவிர' என்று பொருள்படும் 'பட்'டும் ப்ரிபொசிஷன்தான், ஆனாலும் 'இங்' கிடையாது.