வினைல் பொம்மையில் ஏறிய சாயத்தை எடுத்த விதம்

1970களின் வினைல் பொம்மை. சிவப்புப் பட்டுப் பாவாடையோடே பெட்டியில் கிடந்ததில் இரண்டு தொடையிலும் சாயம் ஏறியிருந்தது. சோப்புக்கு அது மசியாது. மேலே ஒட்டிய அழுக்கல்ல, வினைலுக்குள் இறங்கிய சாயம். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், வினைலின் மேற்பரப்பே கரைந்துவிடும்.

கைகொடுத்தது பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு க்ரீம், 10 விழுக்காடு. முதலில் பாதத்தின் அடியில் சோதித்துக்கொள்ளுங்கள். பிறகு கறை மேல் மட்டும் தடிமனாகப் பூசி, கிளிங் ராப்பால் இறுக்கிச் சுற்ற வேண்டும். காய்ந்த க்ரீம் வேலை செய்யாது. வெயில் பட்டால் வேகம் கூடும். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் காலை வெயில் விழும் சன்னலோரமே போதும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காவிட்டால் பொம்மையின் தோல் நிறமும் வெளுத்துத் திட்டாகும். முடி, உதட்டுச் சாயம், புருவம் எதிலும் படக்கூடாது. துடைக்கும் துண்டும் வெளுக்கும், பழையதாக எடுங்கள்.

அந்தப் பாவாடையை மறுபடி போடுவது வீண்வேலை. புதுப் பாவாடைக்கு, லிட்டில் இந்தியாவின் தேக்கா சென்டர் மாடியில் தையற்கடைகளில் ரவிக்கைத் துணி மிச்சம் கேட்டுப் பார்க்கலாம். தைக்கும் முன் துணியை நனைத்து, வெள்ளைத் துணிக்கடியில் வைத்து இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அதை ஒதுக்கிவிடலாம். தையல் இயந்திரத்தில் 70ஆம் எண் ஊசி, தையல் நீளம் 1.5 மி.மீ. ஓரம் 6 மி.மீ. விட்டுத் தைத்து, பிறகு 3 மி.மீ.க்கு நறுக்கினால் இடுப்பு உப்பாது. வெல்குரோ பொம்மையின் முடியைப் பிய்க்கும். சின்ன பிரஸ் பட்டன் வையுங்கள்.