நோட்டை நீட்டும் முன்

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் புது டைரியோடு வந்தார். "மாமா போனதிலிருந்து அத்தை சரியா சாப்பிடறதே இல்லை மேடம். தினமும் மூணு நல்ல விஷயம் எழுதுற பயிற்சியை இன்னைக்கே அவங்களுக்கு ஆரம்பிச்சு வைக்கப் போறேன்" என்றார். டைரியை வாங்கி என் மேஜைமேல் வைத்துக்கொண்டு, அவரை உட்காரச் சொன்னேன். மனிதர்கள் நன்றாக வாழ எது உதவுகிறது என்று ஆராயும் நேர்மறை உளவியலைப் படித்த புதிதில் நான் செய்ததும் இதேதான். பாதியில் விடுவது, சோம்பல்படுவது போன்ற தவறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டு, பலரும் கவனிக்காத தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காரணத்தை எழுதாமல் விடுவது

உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுத வேண்டும். நம் ஆட்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். 'பஸ்ஸில் இடம் கிடைத்தது.' சரி, ஏன் கிடைத்தது? என் கையில் கனத்த பையைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எழுந்துகொண்டான். காரணம் எழுத உட்காரும்போதுதான் அந்தப் பையன் முகம் நினைவுக்கு வரும்.

துக்கத்தில் இருப்பவர் கையில் நோட்டைக் கொடுப்பது

என் தங்கைக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தவறிப்போனது. பத்தாம் நாள் ஒரு நோட்டோடு போய் நின்றேன். "மூணே விஷயம் எழுதுடி, ஒரே வாரத்துல வித்தியாசம் தெரியும்" என்றேன். அந்த ஆய்வையும் விளக்கினேன். அவள் மறுத்துப் பேசவில்லை. நாலு நாள் கழித்துப் போனபோது நோட்டு கட்டில் ஓரத்தில் கிடந்தது. பிரித்தேன்.

'1. இன்று ஆறுதல் சொல்ல யாரும் வரவில்லை.
2. பால் கட்டின வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.
3.'

மூன்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை. அவளுக்குப் பால் கட்டியிருந்தது அந்த வரியைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னிடம் மனம் விட்டு அவள் எதுவும் சொன்னதில்லை.

அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் தாங்களாக இணையம் வழியே முன்வந்தவர்கள். அன்றாட ஓட்டத்தில் கண்ணுக்குத் தப்புகிற நல்லதைக் கவனிக்கப் பழக்கும் பயிற்சி அது. இழப்பில் இருப்பவரிடம் அடுத்தவர் அதைத் திணித்தால், 'என் முன்னால் அழாதே' என்றுதான் அவர் காதில் விழும். சாவு வீட்டில் "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது ஆரம்பித்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சோறு கட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் உட்காருங்கள். போனவரைப் பற்றிப் பேசினால் கேளுங்கள், அழுதால் அழட்டும். சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

கண்ணாடி முன் நின்று தன்னைப் புகழ்வது

உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவின் 2009 ஆய்வில், தன்னைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு மனநிலை இன்னும் இறங்கியது. விட்டுவிடுங்கள்.

ஒரு கெட்டதுக்கு மூன்று நல்லது என்று கணக்கு வைப்பது

ஒரு கெட்ட உணர்வுக்கு மூன்று நல்ல உணர்வு இருந்தால் வாழ்க்கை செழிக்கும் என்ற அந்தக் கணக்கின் கணித அடிப்படையே தவறு என்று 2013-இல் காட்டிவிட்டார்கள்.

நல்ல செய்திக்கு 'ம்' கொட்டுவது

உளவியலாளர் ஷெல்லி கேபிள் குழு 2004-இல் தம்பதிகளிடம் கண்டது இது: நல்ல செய்தி சொன்னால் ஆர்வமாக மேலும் கேட்கிற துணை வாய்த்தவர்களின் உறவில் நெருக்கம் கூடுதலாக இருந்தது. இதற்கு நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

தை மாதம் ஒரு காலையில் தங்கை போன் செய்தாள். "அக்கா, மாடியில கத்தரி காய்ச்சிருக்கு." அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். "எத்தனை காய்? என்ன நிறம்?" என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள்.