கையெழுத்து: திருத்த வேண்டியது நாலைந்து எழுத்துகளைத்தான்

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று ஒரு பேச்சு உண்டு. கோழி கிண்டியதுபோல் எழுதும் யாரோ ஒருவர்தான் இதைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். நானும் பல வருஷம் இதைச் சொல்லியே தப்பித்தவன். ஒருநாள் ஒருவர் சொன்ன தொலைபேசி எண்ணைத் துண்டுச்சீட்டில் அவசரமாகக் குறித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால், இரண்டு இடங்களில் இருப்பது 1-ஆ, 7-ஆ என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. இரண்டு இடம், இடத்துக்கு இரண்டு வாய்ப்பு, ஆக நாலு எண்கள். முன்பின் தெரியாத இரண்டு பேரைத் தொந்தரவு செய்த பிறகு மூன்றாவது எண்ணில் ஆள் கிடைத்தார். அன்றோடு தலையெழுத்தை இழுப்பதை நிறுத்தினேன்.

கிறுக்கல் கையெழுத்துக்காரர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு, "என் கையெழுத்தே மோசம்" என்று ஒட்டுமொத்தமாக முடிவுகட்டுவது. நீங்கள் போன மாதம் எழுதிய ஏதாவது ஒரு பக்கத்தை எடுங்கள். படித்துக்கொண்டே போகையில் கண் தடுக்குகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். முழுப் பக்கமும் வட்டமாக இருக்காது. திரும்பத் திரும்ப அதே நாலைந்து எழுத்துகள்தான் மாட்டும். அவற்றைச் சரிசெய்தால் மீதி எழுத்துகளும் திருந்தியதுபோலவே தெரியும். நான் சொல்ல வருவதில் பாதி இவ்வளவுதான்.

பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவது

இம்போசிஷன் எழுதிக் கையெழுத்து திருந்திய யாரையும் நான் பார்த்ததில்லை. ஐம்பது தடவை எழுதச் சொன்னால், ஐந்தாவது தடவையிலிருந்து கை எப்படியாவது முடித்துவிடப் பார்க்கும். சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம், சரி. ஆனால் கோணல் சித்திரமும் கைப்பழக்கம்தானே? தப்பான வடிவத்தை நூறு முறை எழுதினால் அது நூறு மடங்கு உறுதியாகிறது.

காந்தி தன் கையெழுத்தைப் பற்றி வெட்கப்பட்டு எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் மற்ற வழக்கறிஞர்களின் அழகான எழுத்தைப் பார்த்த பிறகுதான் தன்னுடையது உறைத்ததாம். பிறகு முயன்றும் காலம் கடந்துவிட்டது என்கிறார். அதை அவரவர் விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொரு யோசனைதான் பயனுள்ளது: குழந்தைக்கு முதலில் படம் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். எழுத்து என்பது பார்த்து வரைகிற ஓர் உருவம். வளர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்குத் தகராறு செய்யும் ஓர் எழுத்தைப் பெரிதாக, நிதானமாக, படம்போல் பத்து முறை வரையுங்கள். அப்புறம் சிறிதாக்குங்கள். அப்புறம் அது வரும் சொற்களை எழுதுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். சலிப்பு தட்டும் முன்பே பேனாவை மூடிவிட வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே வாக்கியத்தை மூன்று முறை எழுதுங்கள்: நிதானமாக ஒரு முறை, வழக்கமான வேகத்தில் ஒரு முறை, யாரோ துரத்துவதுபோல் ஒரு முறை. நிதானமாக எழுதும்போது பெரும்பாலும் எல்லோருமே நன்றாகத்தான் எழுதுகிறோம். மூன்றாவது வரியில் எந்த எழுத்து முதலில் குலைகிறதோ, உங்கள் நோய் அங்கே இருக்கிறது.

பேனாவால் ஓலைச்சுவடி எழுதுவது

ஓலைச்சுவடிகளைப் பார்த்து நூல்களைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் (1855–1942) போன்றவர்கள் பட்ட பாட்டில் ஒரு பங்கு எழுத்தினால் வந்தது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். குறில் எகரமா நெடில் ஏகாரமா என்று இடம் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலையில் ஓட்டை விழும் என்பது அதற்கு ஒரு காரணம். வீரமாமுனிவர் (1680–1747) கொம்பின் மேலும் ஒரு சுழி போட்டு நெடிலைப் பிரித்துக் காட்டிய பிறகு, அச்சும் வந்து, இந்தக் குழப்பம் தீர்ந்தது. அவசரமாக எழுதும் நாம், காகிதத்தில் எந்த ஓட்டையும் விழாதபோதும், அதே ஏட்டு எழுத்துக்குத் திரும்பிப் போகிறோம்.

முதல் குற்றவாளி ர. அதன் அடியில் சாய்வாக ஒரு சின்ன வால் இருக்கிறது அல்லவா, வேகத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். வால் போனால் ர வெறும் காலாகிவிடும். 'நரகம்' என்று எழுதியது 'நாகம்' ஆகும். 'கரடி' என்பது 'காடி' ஆகும். நான் எழுதிவைத்த ஒரு குறிப்பில் 'நாளை வரவும்' என்பதை 'நாளை வாவும்' என்று ஒருவர் சத்தமாகப் படித்தார். சிரித்தோம், ஆனால் படித்தவர் மேல் தவறில்லை. ர-வின் வாலைத் தனிக் கோடாக, கொஞ்சம் மிகையாகவே, இழுத்துப் பழகினேன். கை அதற்கு ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது.

அடுத்தது சுழிகள். மூன்று சுழி ண-வை எழுதும்போது ஒரு சுழியை விழுங்கினால் 'பணி' 'பனி' ஆகிவிடும். சுழிகளை எண்ணிக்கொண்டே எழுதுவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் ஒரு வாரம் அப்படி எழுதினால் அப்புறம் எண்ண வேண்டியிருக்காது. 'கொடி', 'கோடி' இரண்டுக்கும் நடுவில் இருப்பதும் மேலே வரும் ஒரு சுழிதான். 'விடு', 'வீடு' கதையும் அதேதான். த-வின் தலைச்சுழியைப் போடாமல் விடுகிறவர்கள் 'தடை' என்று எழுதுவதை மற்றவர்கள் 'நடை' என்று படிப்பார்கள்.

புள்ளிக்கு வருவோம். சொல்லை முழுதாக எழுதிவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் புள்ளி தெளிப்பவர்கள் உண்டு. கை முன்னே போய்விட்டதால் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் விழும். அந்தந்த எழுத்து முடிந்ததுமே வைத்துவிடுவதுதான் வழி. சிலர் புள்ளியை வட்டமாகப் போடுகிறார்கள். அழகுக்கு என்கிறார்கள், ஆனால் சிறிய எழுத்தில் அது ஈகாரச் சுழி மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிப்பதில்லை.

இடைவெளியில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் நிற்பதால், கொஞ்சம் விலகினாலும் முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு அநாதையாகத் தெரியும். கொம்பு, எழுத்து, கால் மூன்றும் ஒரு வீட்டில் இருப்பதுபோல் நெருங்கி இருக்க வேண்டும். ஔகாரக் குறியில் வரும் ள-வைச் சற்றே சின்னதாக எழுதினால் 'கௌ' வேறு, 'கெள' வேறு என்று தெரியும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு ப அளவு இடம் விட்டால் தாராளம்.

பழைய வடிவங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு லை, னை, ளை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்து எழுதப்பட்டன. இன்றும் அப்படி எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அது தவறே இல்லை. ஒரே பக்கத்தில் ஓர் இடத்தில் பழையது, இன்னோர் இடத்தில் புதியது என்று கலப்பதுதான் வாசிப்பவரைத் தடுக்கும்.

எழுத்தின் அளவு

கோடு போட்ட தாளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே பெரும்பாலும் 7, 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த இடம் முழுவதையும் எழுத்தால் நிரப்பிவிட்டால் மேலே சுழிக்கும் ீ-க்கும் கீழே இறங்கும் ழு, து, ரு-வுக்கும் எங்கே போவது? மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் உடல் இடைவெளியில் பாதிக்குள் அடங்க வேண்டும். பொடியாக எழுதுவது இதற்கு எதிர்க் கோடி. சுழிகள் மையால் அடைபட்டு எல்லாம் கரும்புள்ளிகளாகிவிடும்.

எழுதிய பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சொற்கள் படிக்கக் கிடைக்காததால் அளவு, சாய்வு, இடைவெளி மூன்றும் மட்டும் கண்ணில் படும். எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்தால் சாயட்டும், இடப்பக்கம் சாய்ந்தாலும் சாயட்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும்.

பேனாவைக் குறை சொல்வது

புதுப் பேனா வாங்கியதும் நாலு நாள் கையெழுத்து நன்றாக இருக்கும். அது பேனாவின் வேலையல்ல, ஆசையின் வேலை. ஆனாலும் பேனாவுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவில் மை கெட்டி. முனையில் இருக்கும் குண்டு உருள அழுத்தம் வேண்டும். ஜெல் பேனாவும் மைப்பேனாவும் அவ்வளவு அழுத்தம் கேட்பதில்லை. எழுதி முடித்ததும் தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துக்கொண்டு தட்டுப்பட்டால் நீங்கள் பேனாவோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அரை மணியில் கை வலித்து, கடைசிப் பக்கங்கள் கிறுக்கலாவது இதனால்தான். ஒற்றைத் தாளைக் கடினமான மேசைமேல் வைத்து எழுதாமல், அடியில் நாலு தாள் வைத்தாலே அழுத்தம் குறையும்.

பிடியைப் பற்றி ஆளாளுக்கு அதட்டுவார்கள். மூன்று விரல் பிடிதான் சரி, மற்றதெல்லாம் தப்பு என்பது மிகை. நாலு விரல் பிடியிலும் தெளிவாக, வேகமாக எழுதலாம் என்று குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கை வலிக்கவில்லை என்றால் பிடியை விட்டுவிடுங்கள். முனையை ஒட்டிப் பிடித்து எழுதுகிறவர்கள் மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே ஏற்றிக்கொள்ளலாம், என்ன எழுதுகிறோம் என்பதாவது தெரியும். தாளை நேராக வைக்காமல் வலக்கைக்காரர்கள் இடப்பக்கமும், இடக்கைக்காரர்கள் வலப்பக்கமும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டால் மணிக்கட்டு மடங்காது. இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல்வது வீண்வேலை, பிள்ளைக்கு வேதனையும்கூட.

அழகைத் துரத்துவது

கையெழுத்து என்ற ஒரே சொல்லை எழுதும் விதத்துக்கும் சொல்கிறோம், ஒப்பமிடுவதற்கும் சொல்கிறோம். ஒப்பத்தில் எத்தனை வளைவு நெளிவு வேண்டுமானாலும் போடுங்கள், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்த நெளிவுகள் கடிதத்துக்குள்ளும் விடைத்தாளுக்குள்ளும் வந்தால்தான் தொல்லை. முத்து முத்தாக இருந்தும் படிக்க முடியாத எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்தை வைத்துக் குணத்தைச் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர்களையும் பொருட்படுத்த வேண்டாம். முறையாகச் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அந்த ஜோசியம் தேறவில்லை.

படிக்கும்படி எழுதுவதற்குக் கூலி நிச்சயம் உண்டு. ஒரே விடையை ஒரு தாளில் தெளிவாகவும் இன்னொன்றில் கிறுக்கியும் எழுதித் திருத்தக் கொடுத்த ஆய்வுகளில், கிறுக்கலுக்கு மதிப்பெண் குறைந்தது. திருத்துபவர் வேண்டுமென்று குறைப்பதில்லை, புரியாத சொல்லுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? மடிக்கணினியில் தட்டுகிறவர்களைவிடக் கையால் குறிப்பெடுப்பவர்களுக்குப் பாடத்தின் கருத்து நன்றாகப் பிடிபடுகிறது என்று 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பிற்பாடு திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவான வித்தியாசம் வரவில்லை. எப்படியிருந்தாலும், எடுத்த குறிப்பைத் திரும்பப் படிக்க முடியவில்லை என்றால் எடுத்தும் பயனில்லை.

எல்லாக் கிறுக்கலும் அக்கறையின்மை ஆகாது. வாயால் நன்றாகச் சொல்கிற பிள்ளை எழுத உட்கார்ந்தால் மட்டும் திணறுகிறது, எவ்வளவு பழகினாலும் மாறவில்லை என்றால், அது டிஸ்கிராபியா என்ற எழுத்துக் குறைபாடாக இருக்கலாம். அடியும் திட்டும் அதற்கு மருந்தல்ல. வயதானவர் ஒருவரின் எழுத்து முன்பு இல்லாதபடி வரவரச் சுருங்கிப் பொடியாகிக்கொண்டே வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்க்கின்சன் நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

எண்கள்

எழுத்து கொஞ்சம் கோணினாலும் முன்பின் பார்த்து ஊகித்துவிடலாம். எண்ணுக்கு அந்த வசதி கிடையாது. இன்சுலின் அளவு எழுதும்போது யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தைப் போடும் வழக்கம் இருந்தது. மேல்பக்கம் மூடிக்கொண்டால் அது பூஜ்யம்போல் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும். அதனால்தான் மருத்துவத்தில் அந்தச் சொல்லை முழுதாக எழுதச் சொல்கிறார்கள். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும் என்பதால் வெறும் 1 என்றும், .5 என்று எழுதாமல் 0.5 என்றும் எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. வீட்டுக் கணக்குக்கும் இது நல்லதுதான்.

6-ஐ அடியில் முழுதாக மூடுங்கள், 0-வை மேலே மூடுங்கள். 1-க்கு மூக்கு வேண்டாம், நேர்க்கோடே போதும். 7-க்கு நடுவில் நான் இப்போது ஒரு சின்னக் குறுக்குக்கோடு போடுகிறேன்.