வீட்டுக் கணினி: கோப்பு எங்கே இருக்கிறது, பக்கம் யாருடையது?

கணினியைப் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லித் தரப்படுவது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதுதான். அடுத்த புதுப்பிப்பில் அந்தப் பொத்தான் வேறு மூலைக்கு நகர்ந்ததும் கற்றது பயனற்றுப் போகிறது. பொத்தான்களை மனப்பாடம் செய்வதைவிட, இரண்டு கேள்விகளுக்கு எந்த நேரத்திலும் விடை சொல்லப் பழகுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. நான் வேலை செய்துகொண்டிருக்கும் கோப்பு எங்கே இருக்கிறது? நான் பார்த்துக்கொண்டிருக்கும் இணையப் பக்கம் யாருடையது? கோப்பு காணாமல் போவதும் கடவுச்சொல் களவு போவதும் இவற்றில் ஏதோ ஒன்றுக்கு விடை தெரியாத இடத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகின்றன. கீழே உள்ளவற்றை விண்டோஸ் கணினியை வைத்தே விளக்கியிருக்கிறேன்.

கோப்பு எங்கே இருக்கிறது?

விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். இடப்பக்கத்தில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எனச் சில கோப்புறைகள் இருக்கும். இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் செயலியான உலாவியில் பதிவிறக்கும் எதுவும், நீங்கள் வேறு இடத்தைக் குறிப்பிடாதவரை, டவுன்லோட்ஸ் கோப்புறைக்குத்தான் போகிறது. எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவைத்தால் சில மாதங்களில் எதையும் தேடி எடுக்க முடியாமல் போகும். பிறகு தேவைப்படும் கோப்பு என்றால் அன்றைக்கே டாக்குமென்ட்ஸுக்குள் உரிய கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள். கோப்புறைகளை மிக நுணுக்கமாகப் பிரிக்க வேண்டியதில்லை. மருத்துவம், வரி, கல்வி, வீட்டு ஆவணங்கள் என்று நான்கைந்து போதும். இருபது கோப்புறைகள் இருந்தால் எதில் வைப்பது என்ற குழப்பத்தில் கோப்பு மீண்டும் டெஸ்க்டாப்பிலேயே தங்கிவிடும்.

ஒரு சூழலை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் பலருடைய மணிக்கணக்கான உழைப்பு இங்கேதான் வீணாகிறது. மின்னஞ்சலில் ஒரு விண்ணப்பப் படிவம் வருகிறது. கணினியில் நிறுவியுள்ள அஞ்சல் செயலியில் அதை இருமுறை கிளிக் செய்ததும் வேர்டில் திறந்துகொள்கிறது. விவரங்களை நிரப்பி, சேமித்து, மூடிவிடுகிறீர்கள். மறுநாள் அதே மின்னஞ்சலைத் திறந்தால் படிவம் வெறுமையாக இருக்கிறது. மின்னஞ்சலோடு வந்த மூலக் கோப்பு சற்றும் மாறவில்லை என்பதே காரணம். செயலி அதன் நகல் ஒன்றைத் தற்காலிகக் கோப்புறையில் வைத்துத் திறந்தது. நீங்கள் நிரப்பியது அந்த நகலை. அந்தக் கோப்புறை வழக்கமாகக் கண்ணில் படாத இடத்தில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் காலி செய்யப்படலாம். எனவே இணைப்பாக வரும் கோப்பை முதலில் பதிவிறக்கி, உரிய கோப்புறையில் வைத்து, அங்கிருந்து திறந்து எழுதுங்கள். ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், மூடுவதற்கு முன் எஃப்12 விசையை அழுத்துங்கள். எங்கே, எந்தப் பெயரில் சேமிக்க வேண்டும் என்று வேர்டு கேட்கும். மூடிய பிறகுதான் தெரியவந்தது என்றால், வேர்டைத் திறந்து அண்மையில் பயன்படுத்திய கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். தற்காலிகக் கோப்புறை இன்னும் காலியாகாமல் இருந்தால் படிவத்தை அதன் வழியாகவே மீட்டுவிடலாம்.

கோப்புக்குப் பெயரிடும்போது தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் எழுதுவது நல்ல பழக்கம். '2025-03-14 இரத்தப் பரிசோதனை' என்று பெயரிட்டால், பெயர் வரிசையில் அடுக்கும்போதே கால வரிசையும் அமைந்துவிடும். தமிழிலேயே பெயர் வைக்கலாம். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி போன்ற சில குறிகளை மட்டும் விண்டோஸ் ஏற்காது.

பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் சில எழுத்துகளும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பின்னொட்டுதான் கோப்பின் வகையைக் காட்டுகிறது: படமா, ஆவணமா, இயங்கும் நிரலா என்பது அதில்தான் தெரியும். விண்டோஸ் இதை இயல்பாகவே மறைத்துவைக்கிறது என்பது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. 'படம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ' என்ற பெயரில் வரும் ஒரு நிரல், கடைசிப் பகுதி மறைக்கப்படுவதால், வெறும் படமாகத் தோற்றமளிக்கும். அதைத் திறந்தால் கணினிக்குள் ஒரு நிரலை நீங்களே இயக்கிவிடுகிறீர்கள். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பட்டியலில் 'ஷோ' என்பதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்றிருப்பதைத் தேர்வு செய்தால் பின்னொட்டுகள் எப்போதும் தெரியும்.

அழித்த கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், அங்கிருந்து மீட்கலாம். ஆனால் பென் டிரைவிலிருந்து அழிப்பவை பொதுவாக அங்கே போகாமல் நேரடியாக நீங்கிவிடும். ஷிஃப்ட் விசையோடு சேர்த்து டிலீட் அழுத்தினாலும் அதேதான்.

விசைக் குறுக்குவழிகளில் கன்ட்ரோலுடன் எஸ் (சேமிக்க), இசட் (செய்ததைத் திரும்பப் பெற), எஃப் (பக்கத்துக்குள் தேட) ஆகிய மூன்றும் கைக்கு வந்துவிட்டால் தொடக்கத்துக்குப் போதுமானது.

பக்கம் யாருடையது?

தேடல் பெட்டியும் முகவரிப் பட்டையும் உலாவிகளில் இன்று ஒன்றாகிவிட்டதால், முகவரியைத் தட்டச்சு செய்வதும் தேடுவதும் ஒன்றே என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. முழு முகவரியைத் தட்டினால் நேராக அந்தத் தளத்துக்குப் போகிறீர்கள். வங்கியின் பெயரை மட்டும் தட்டினால், அந்தப் பெயர் தொடர்பான பக்கங்களின் பட்டியல்தான் வரும். அதன் உச்சியில் கட்டணம் செலுத்தி இடம்பிடித்த விளம்பரங்களும் இருக்கக்கூடும். போலித் தளங்கள் அந்த வழியாகவும் நுழைகின்றன. பணம் தொடர்பான தளங்களின் முகவரியை ஒரு முறை நிறுவனம் தந்த கடிதத்தையோ அட்டையையோ பார்த்துச் சரியாகத் தட்டி, உலாவியில் புக்மார்க் செய்துவைத்துக்கொண்டு, பிறகு எப்போதும் அதன் வழியாகவே செல்லுங்கள்.

முகவரியைப் படிக்கும் முறை எளிது, ஆனால் இடமிருந்து வலமாகப் படிக்கும் நம் வழக்கத்துக்கு மாறானது. 'உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு-உதவி.நெட்/நுழைவு' என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். 'நெட்' என்பது பின்னொட்டு. அதற்கு முன்னால் 'சரிபார்ப்பு-உதவி'. தளத்தின் உரிமையாளர் அவர்தான். அதற்கும் முன்னால் உள்ள 'உங்கள்வங்கி.காம்' என்பது அந்த உரிமையாளர் தன் விருப்பப்படி சேர்த்துக்கொண்ட சொற்கள். அதற்கும் வங்கிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில நாடுகளின் முகவரிகளில் கடைசி இரண்டு பகுதிகளும் சேர்ந்தே பின்னொட்டாக அமையும். அங்கே அவற்றுக்கு முந்தைய பகுதியைப் பாருங்கள். மின்னஞ்சலில் உள்ள லிங்க்கின் மீது மவுஸை வெறுமனே வைத்தால், கிளிக் செய்யாமலேயே அதன் உண்மையான முகவரி தெரியும்.

முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி இருந்தால் தளம் நம்பகமானது என்று இன்னும் பலர் எண்ணுகிறார்கள். உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. போலித் தளங்களும் அந்தப் பூட்டை எளிதில் பெற்றுவிடுகின்றன. இந்தத் தவறான புரிதலும் ஒரு காரணமாக, குரோம் உலாவி 2023-இல் பூட்டுக் குறியை நீக்கிவிட்டு வேறு குறியை வைத்தது.

உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, உடனே இந்த எண்ணை அழையுங்கள் என்று திரை முழுவதும் எச்சரிக்கை தோன்றினால், அது கணினி தரும் எச்சரிக்கை அல்ல. ஓர் இணையப் பக்கம் மட்டுமே. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் தருவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், அல்லது ஆல்ட்டுடன் எஃப்4 அழுத்தி உலாவியை மூடுங்கள். அதற்கும் மூடாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் உலாவியைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடலாம். மீண்டும் உலாவியைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கணினியும் உலாவியும் கேட்கும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது புதுப்பிப்புகள் தருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கடவுச்சொல்

அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காரணமின்றிக் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றச் சொல்வதையும், குறிகளையும் எண்களையும் கட்டாயமாக்குவதையும் கைவிடுமாறு பரிந்துரைத்தது. நீளமே முக்கியம். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்து அமைத்த கடவுச்சொல் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். அதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்துவது: ஏதோ ஒரு சிறு தளத்திலிருந்து அது கசிந்தால், அதைக் கைப்பற்றிய திருடர்கள் அதையே உங்கள் மின்னஞ்சலிலும் முயன்று பார்ப்பார்கள். மின்னஞ்சல் கணக்கு பறிபோனால், மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழியும் அவர்கள் கைக்குப் போய்விடும். ஆகவே மின்னஞ்சலுக்கு மட்டுமாவது வேறெங்கும் இல்லாத கடவுச்சொல்லை வைத்து, கடவுச்சொல்லோடு இன்னோர் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, 30 நொடிகளுக்கு ஒரு முறை எண்ணை மாற்றித் தரும் ஆதென்டிகேட்டர் செயலி பாதுகாப்பானது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். கைபேசி தொலைந்தால் அவைதான் கணக்கைத் திறக்கும். மற்றத் தளங்களின் கடவுச்சொற்களை, அவற்றைப் பத்திரமாகச் சேமித்து வைக்கும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜரிடம் ஒப்படைக்கலாம். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பதும், ஒன்றையே எல்லா இடத்திலும் பயன்படுத்துவதைவிட எவ்வளவோ மேல்.

நகல் எடுத்தல்

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றில் கோப்புகள் தாமாகவே ஏறுவதால் நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. இவை அடிப்படையில் ஒத்திசைவுச் சேவைகள்: ஒத்திசைக்கும் கோப்புறையிலிருந்து கணினியில் ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்கள் மட்டுமே அது இருக்கும். அதற்குப் பின் நீங்கிவிடும். குடும்பப் படங்களையும் முக்கிய ஆவணங்களையும் தனியே ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க்கிலும் வைத்திருங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற நடைமுறையைத்தான் இத்துறையில் இருப்பவர்கள் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கிறார்கள். கணினி, வெளிப்புற டிஸ்க், இணையச் சேமிப்பு என்று வைத்தால் மூன்றும் நிறைவேறிவிடும்.

நகல் எடுத்து முடித்ததும், டிஸ்க்கிலிருந்து ஏதேனும் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து, முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பணிப்பட்டையில் உள்ள 'சேஃப்லி ரிமூவ் ஹார்டுவேர்' குறியின் வழியாக விடுவித்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கில் உள்ள நகலையும், கணினிக்குள் நுழைந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் மூலக் கோப்புகளோடு சேர்த்தே பூட்டிவிடும்.