குடிநீர்த் திட்டத்தை மதிப்பிடப் போகிறீர்களா? குடம் தூக்குபவரைக் கேளுங்கள்

ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற இலக்கோடு 2019-இல் தொடங்கியது ஜல் ஜீவன் திட்டம். இதை மதிப்பிடப் போய்க் குடும்பத் தலைவரிடம் "தண்ணி வருதா?" என்று கேட்டால், "வருது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தண்ணீர் பிடிப்பவரைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை குடம் நிறைகிறது, வராத நாளில் எங்கே போகிறார், அன்று யாருடைய கூலி போகிறது, எந்தப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போடுகிறது? விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் விட்டால் அவர் தூக்கம் கெடுகிறது. அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

பெண்களிடம் பெண் களப்பணியாளரே தனியாகப் பேசட்டும். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். காலை பதினோரு மணிக்குப் போனால் கூலி வேலைக்குப் போனவர்கள் விடுபடுவார்கள்.

மேட்டுத் தெரு, காலனி, கடைசி வீடு மூன்றுக்கும் நடந்தே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். ஊர்ச் சராசரியில் இவர்கள் மறைந்துபோவதால், விவரங்களைப் பாலினம், சாதி, மாற்றுத்திறன் வாரியாகப் பிரித்தே எழுத வேண்டும்.

கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. பதிவேட்டில் கையெழுத்தை மட்டும் எண்ணாமல், மோட்டார் போடும் நேரத்தை முடிவு செய்தது யார் என்றும் விசாரியுங்கள்.