பாய்க் கடைத் தளமும் தீர்ந்துபோன பேண்ட்வித்தும்

பத்தமடையில் கோரைப் பாய் விற்கும் சித்தப்பாவின் இணையதளம் மாதக் கடைசியில் திறக்கவே இல்லை. "எடம் பத்தலையோ? பெரிய பிளான் வாங்கிருவமாடே?" என்றார். பார்த்தால் தளத்தின் படங்களையும் பக்கங்களையும் வைக்க பிளானில் தரும் இடமான 10 ஜிபி ஸ்டோரேஜில் பாதிகூட நிரம்பவில்லை. தீர்ந்தது பேண்ட்வித், அதாவது, தளத்தைப் பார்க்க வருபவர்களுக்கு அந்த மாதம் அனுப்பக்கூடிய டேட்டாவின் அளவு. அதுவும் 10 ஜிபிதான்.

மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய்களுக்கான பக்கத்தில் 20 படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி. சேமித்து வைக்க 80 எம்பி இடம் போதும். ஆனால் 100 பேர் திறந்தால் 8 ஜிபி போய்விடும்! சரி என்று படங்களின் அகலத்தை 1200 பிக்சலாக்கி, இணையத்துக்கான சிறிய பட வடிவமான வெப்பியில் (WebP) ஒவ்வொன்றையும் 200 கேபிக்குச் சுருக்கினேன். இப்போது அதே 100 பேருக்கு 400 எம்பிதான். நெசவின் நுணுக்கமும் மங்கவில்லை, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. பழைய பிளானே ஓடுகிறது.