றக்ரர் பெட்டியில் எதை ஏத்தலாம், எதை ஏத்தக்கூடாது

பழைய வீடு திருத்தேக்கை கழிவு ஏத்த றக்ரர் பெட்டி வாடகைக்குப் பிடிச்சன். கல், ஓடு, சீமெந்துக் கட்டி ஏத்தலாம், ஆனால் பெட்டி முட்ட ஏத்த வேண்டாம். ஒரு கியூப், அதாவது 100 கன அடி கொங்கிறீற் உடைசல், 4 தொன்னை நெருங்கும். ரயர் நசிஞ்சு ஒழுங்கை மணலிலை புதையும். அரைப்பெட்டியோடை நிப்பாட்டுங்கோ. கூரைப் பனஞ்சிலாகை, வளைமரம், கதவுநிலையைப் புறம்பாய் வையுங்கோ, விலைப்படும்.

அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கல்லோடை கலக்கவே கூடாது. உடைஞ்சால் கிளம்புற நார்த்தூசு நுரையீரலுக்குள்ளை தங்கிவிடும். துணி முகக்கவசம் அதை மறிக்காது. தண்ணி தெளிச்சு, ஆணியைக் கழட்டி, சீற்றை முழுசாய் இறக்கி, தடிச்ச பொலித்தீனிலை சுத்தி ஒட்டவேணும்.

பற்றறி, ரியூப்லைற், மிஞ்சின பெயின்ற், கழிவெண்ணெய் ஒண்டும் பெட்டிக்குள்ளை போடாதேங்கோ. எங்கடை யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல். பெட்டிக் கழிவோடை பள்ளத்திலை கொட்டின எண்ணெய் வெடிப்புகளுக்காலை இறங்கி அயல் கிணத்துக்குப் போகும்.